பொழுது சாயுமுன்

இலையைப் போட்டுவிட்டாள்.

போட்ட பிறகுதான் கொழுந்தன் தரணேந்திரன் உள்ளே வந்தான். இலைக்கு முன் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணி, இவன் யாருன்னு தெரியுமா? நம்ம ஸ்ரீபாலனை அடிச்சுப் போட்ட பால் வண்டி டிரைவரு."

தெரியும். வாசலில் நின்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. மகன் போனதிலிருந்தே வருவதில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தாள்.

அதுவும் வரவில்லை.

அவன் முகத்தில் பசி மட்டும் தெரிந்தது.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கப்பா. பொழுது சாயுது."

சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் உண்பதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும். தன் பசிக்காக ஓர் உயிர் போகக்கூடாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் தவறாத நியமம்.

ஸ்ரீபாலன் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் விளையாடிவிட்டு இருட்டித்தான் வந்தான். பசிக்கிறது என்று அழுதான்.

"விடியட்டும் கண்ணு."

தட்டித் தூங்கவைத்தாள்.

டிரைவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு கவளம் இறங்க வெகுநேரம் ஆனது. ஜன்னல் வெளிச்சம் சுவரிலிருந்து நழுவிப் போனது. இலை எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"பொழுது போயிடுச்சு. எழுந்திருக்கச் சொல்லுங்க" என்றான் தரணேந்திரன்.

டிரைவர் தலை நிமிரவில்லை. பாதிச் சோறு இருந்தது. இலையை மடிக்கக் கை வைத்தான்.

"மூடாதப்பா."

அவள் எழுந்தாள். சுவரைத் தடவிப் போனாள். சுவிட்சைத் தட்டினாள்.

இலை பச்சையாகத் தெரிந்தது.

தரணேந்திரன் அவளையே பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

டிரைவர் மறுபடி சோற்றில் கை வைத்தான்.

முதல் பூச்சி வந்தது. விளக்கைச் சுற்றியது. இலையை நோக்கித் தாழ்ந்தது.

முந்தானை நுனியால் அதை மெல்ல ஒதுக்கினாள். சோற்றில் விழாமல். அடியும் படாமல்.

இன்னொன்று வந்தது.

அதையும்.