பின் கண்ணாடி வழக்கு

"பின்னாடி எதுல இடிச்சீங்க?"

துயாரா இப்படிக் கேட்டபோது அவள் அப்பா புரோகோபி ஜீப்பிலிருந்து முழுதாக இறங்கக்கூட இல்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில்.

"எதுலயும் இடிக்கலை."

"அப்ப கண்ணாடி?"

"அது தானா உடைஞ்சுச்சு."

"தானா உடையறதுக்கு அது என்ன கோழி முட்டையா?"

வண்டிக்குப் பின்னால் பனியின் மேல் கண்ணாடித் துண்டுகள் கல்கண்டு மாதிரி கொட்டிக் கிடந்தன. பின் கண்ணாடி இருந்த இடம் ஓட்டையாகி, உள்ளே இருந்த சூடு அதன் வழியே புகை புகையாக வெளியேறிக்கொண்டிருந்தது. மைனஸ் நாற்பத்தெட்டு டிகிரி. லேனா ஆற்றங்கரையில் மூன்று நாளாக விலகாத மூடுபனி. முற்றத்தில் கட்டியிருந்த நாய் வேறு நிறுத்தாமல் குரைத்துத் தொலைத்தது.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி ஒண்ணுமே தெரியலை. கண்ணாடியைச் சூடாக்கற பட்டனைப் போட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்" என்றார் புரோகோபி. பிறகு, தாக்குதல்தான் நல்ல தற்காப்பு என்று நினைத்தாரோ என்னவோ, "ஆமா, சீட்டை ஏன் அவ்வளவு முன்னாடி தள்ளி வெச்சே? முட்டி இடிக்குது" என்றார்.

"நான் நேத்து ராத்திரிதான் வந்தேன். உங்க வண்டியைத் தொடவே இல்லையேப்பா."

அதைச் சொல்லிவிட்டு அவரையே கவலையோடு பார்த்தாள். அந்தப் பார்வை புரோகோபிக்குக் குளிரைவிட அதிகமாக உறைத்தது.

அவருக்கு எழுபத்தொன்று. போன மாதம் வாசல் கம்பத்தைச் சாய்த்தபோதே மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை எங்கேயாவது இடித்தால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். வண்டி இல்லாமல் இருபது கிலோமீட்டர் தள்ளி மேயும் பதினோரு குதிரைகளைப் பார்க்க முடியாது. அவற்றை விற்றுவிட்டு நகரத்தில் அவளுடைய ஐந்தாம் மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் தெரியும்.

"நியுர்குனைக் கூப்பிடு. அவன் பார்த்துச் சொல்லட்டும். என் தப்புன்னு சொன்னா நான் இனிமே ஸ்டியரிங்கைத் தொடலை" என்றார்.

பக்கத்து வீட்டு நியுர்குன் மெக்கானிக். மூக்கு நுனி மட்டும் தெரிய வந்தான். டார்ச் அடித்து பம்பரைத் தடவிப் பார்த்தான். பின்னால் அடுக்கியிருந்த விறகுக்கட்டைகள் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தான்.

"கட்டை மேல உறைபனி அப்படியே இருக்கு அக்கா. இடிச்சிருந்தா உதிர்ந்திருக்கும். மாமா, கடைக்குப் போனீங்களா?"

"போனேன். ரொட்டியும் வெண்ணெயும் வாங்கினேன்."

"வண்டி ஓடிக்கிட்டேதான் நின்னுச்சா?"

"பின்னே? இந்தக் குளிர்ல அணைச்சா வசந்த காலத்துலதான் திரும்பக் கிளப்பணும்."

"அதான் விஷயம். உள்ள அடுப்பு மாதிரி சூடு, வெளிய இந்தக் குளிர். அதுக்கு மேல பட்டனையும் போட்டா கண்ணாடி தாங்காது. இந்த வாரத்துல இது எனக்கு மூணாவது. மாமா மேல தப்பே இல்லை."

தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளையும் பழைய கம்பளியையும் வைத்து ஒட்டிக் கொடுத்தான். எஞ்சினை ஓடவிட்டே மூவரும் உள்ளே போனார்கள்.

புரோகோபிக்கு நடையே மாறிவிட்டது. உறைந்த மீனை எடுத்து, அந்த ஊர் வழக்கப்படி பச்சையாகவே தின்னக் கத்தியால் மெலிதாகச் சீவினார். நியுர்குனின் தட்டு நிறைந்து வழிந்தது.

"ஐம்பது வருஷமா ஓட்டறேன். இவ எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறா" என்று நியுர்குனிடம் புகார் சொன்னார்.

"சரிப்பா, மன்னிச்சிடுங்க. சீட்டு விஷயம் கேட்டதும் மறதி வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்." துயாரா உண்மையிலேயே பயந்துதான் போயிருந்தாள். "குதிரைங்க இங்கேயே இருக்கட்டும். நீங்களே ஓட்டுங்க. இந்தக் குளிர்காலம் முடியற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை."

"நியுர்குன், நீ சாட்சி."

"சாட்சி மாமா" என்றான் அவன் வாய் நிறைய மீனோடு.

துயாரா பால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டாள். கடைக்கார வர்வாரா.

"துயாரா, அப்பா வீட்டுக்கு வந்துட்டாரா?"

"அப்பவே வந்துட்டார் அக்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

"வந்திருப்பார். எதுல வந்தார்னுதான் எனக்குப் புரியலை" என்றாள் வர்வாரா. "அவரோட ஜீப் ரெண்டு மணி நேரமா என் கடை வாசல்ல ஓடிக்கிட்டே நிக்குது. பக்கத்துல நிறுத்தியிருந்த, அச்சு அசலா அதே மாதிரி இருக்கற டாக்டரம்மாவோட ஜீப்பைத்தான் காணோம்."

நியுர்குன் தட்டைக் குனிந்து பார்த்தபடி மெல்வதை நிறுத்தியிருந்தான். புரோகோபி கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கோட்டை மாட்டிக்கம்மா" என்றார் மகளிடம். "நீயே ஓட்டு."