நொச்சி மறைப்பு

செபமணியின் சக்கர நாற்காலி குளியலறைக்குள் நுழையவில்லை. அதனால் அன்னபாக்கியம் கணவனைத் தெருவை ஒட்டிய திறந்த கொல்லையில் வைத்துக் குளிப்பாட்டினாள்.

“ஊரே பாக்குதுடி,” என்று முதல் நாள் அவர் கத்தினார்.

“மறைப்பு வருது, பேசாம இருங்க,” என்று அவள் ஒரு நொச்சிக் குச்சியை நாற்காலிக்கு முன்னால் ஊன்றினாள்.

லாரித் தண்ணீரில் குளிக்க ஒரு வாளிதான். செடிக்கென்று தனியாக ஒரு சொட்டும் கிடையாது. அவர் மேலிருந்து வழிவதுதான். அதற்காகவே சோப்பை நிறுத்திப் பயத்தமாவு தேய்த்தாள். அவரோ தலையை விறைப்பாக நிமிர்த்தி, தெருவை முறைத்தபடி குளித்தார். குச்சி துளிர்த்து, அவர் தலைக்கு மேல் வளர்ந்து, நீலமாகப் பூத்தது. கொல்லையெல்லாம் பச்சிலை வாசம். தேனீக்கள் வந்தன.

“கொட்டிரும். வெட்டிப் போடு.”

“கொட்டினா கொட்டட்டும். இப்ப தெரு தெரியுதா?”



இன்று லாரி வரவில்லை. குடிக்க எடுத்துவைத்தது போக மீதி ஒரு சொம்பு. நொச்சி இலைகள் துவண்டு தொங்கின. அப்படியும் அவள் நாற்காலியைத் தள்ளிவந்து, சொம்பை அவர் தலைக்கு மேல் தூக்கினாள்.

“இரு,” என்றார் செபமணி. தேனீக்கள் மொய்த்த பூக்களுக்குள் முகத்தை நுழைத்துக் குனிந்து, தலையைச் செடியின் வேருக்கு நேராகக் கொண்டுவந்தார்.

“இப்ப ஊத்து.”