நிபுணர் குழுவின் தரிசனம்

"பொது வரிசை அந்தப் பக்கம் சார். அங்க போய் நில்லுங்கோ."

குமரகுரு குருக்கள் இப்படிச் சொல்வார் என்று டாக்டர் சக்கரவர்த்தி எதிர்பார்க்கவில்லை. பட்டு வேட்டியும் மேல்துண்டுமாக அவர் பின்னால் நின்ற நிபுணர் குழு உறுப்பினர்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை. குழுவைக் கோயிலுக்குக் கூட்டிவந்த பத்மஜா சுத்தமாக எதிர்பார்க்கவில்லை. குருக்கள் அவள் கணவர்.

"ஏன்னா, சார் யாருன்னு..."

"தெரியும். ஒவ்வொரு தடவையும் நான்தானே சாமிக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினேன்? இன்னிக்கு முடியாது."

பௌர்ணமிக் கூட்டம். வரிசை ராஜகோபுரத்தைத் தாண்டி வெளியே வளைந்து போயிருந்தது. சக்கரவர்த்தி மற்ற இருவரோடும் போய் அதன் வாலில் நின்றார்.

பத்மஜாவும் அவர்கள் பின்னாலேயே ஓடினாள்.

அவள் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை. நம் ரத்தத்திலேயே இருக்கிற எதிர்ப்பு அணுக்களைப் பழக்கி, புற்றுநோய் மேல் ஏவிவிட முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. கீழ்பென்னாத்தூர் பக்கம் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்களிடம் ரத்தம் வாங்குவாள். அந்த அணுக்களை உயிரோடு வைக்கிற ஃப்ரீசர் இந்த மாவட்டத்திலேயே இல்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுவாள். செஞ்சி தாண்டுவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும்.

"போன தபா குடுத்த ரத்தம் இன்னாம்மா ஆச்சு?" என்று வெள்ளையம்மாள் கேட்பாள். நோய் முற்றியவள்.

"வழியிலேயே கெட்டுப்போச்சும்மா."

"சரி, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ. எனக்கு ஆவாட்டியும் என் பொண்ணுக்காவது ஆவட்டும்."

ஃப்ரீசருக்கும் மற்ற கருவிகளுக்கும் பத்மஜா விண்ணப்பித்திருந்தாள். பின்தங்கிய வட்டாரங்களுக்கென்றே ஒதுக்கிய ஆராய்ச்சி நிதி. அதைத் தரலாமா என்று பார்க்கத்தான் சக்கரவர்த்தி குழு வந்தது.

"எல்லாம் சரிம்மா. ஆனா இந்த வட்டாரத்துல ஆராய்ச்சிக்கு வசதியே இல்லையே?"

"நிதி வந்தாத்தானே சார் வசதி வரும்?"

"வசதி இருக்கிற இடத்துக்குத்தானேம்மா நிதி தர முடியும்?" சக்கரவர்த்தி தாடையைத் தடவினார். "சிக்கலான விஷயம். இன்னொரு தடவை நேர்ல வந்து பார்த்துடறோம்."

வந்தார்கள். ஃப்ரீசர் வைக்கப்போகிற அறையின் நீளத்தை அளந்தார்கள். அதற்கடுத்த தடவை வந்து அகலத்தை அளந்தார்கள். ஆய்வு நாள் எப்படியோ பௌர்ணமியில்தான் விழும். சாயங்காலம் கோயில். குமரகுரு மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, பிரசாதத்தைத் தூக்குவாளியில் போட்டு வழியனுப்புவார்.

அப்படிப்பட்ட மனுஷர்தான் இன்றைக்குக் கவிழ்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பத்மஜா வெடித்தாள்.

"வேணும்னேதானே பண்ணினேள்?"

"ஆமா."

"ஏன்?"

குமரகுரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் கல்லூரி முழுக்க இதே பேச்சு. "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்," என்றாள் ஆய்வக உதவியாளர் சினேகா. "பொண்டாட்டி பேரு பேப்பர்ல வந்துடப் போவுதுன்னு உங்க வீட்டுக்காரருக்கு வயித்தெரிச்சல். அவ்ளோதான்."

பத்மஜாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. கணவரோடு பேச்சை நிறுத்தினாள். தட்டில் சாதம் விழும், பேச்சு வராது. குமரகுருவும் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அந்த மாதம் முடிவதற்குள் கல்லூரி ஆபீசுக்குப் போன் வந்தது. சக்கரவர்த்தி. குரலில் ஈரமே இல்லை.

"உங்க திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாச்சு. கேட்ட தொகை முழுசா வரும்."

பத்மஜாவுக்கு நம்ப முடியவில்லை. "ரொம்ப நன்றி சார்! அடுத்த ஆய்வுக்கு எப்போ சார் வர்றீங்க?"

"இனிமே ஆய்வெல்லாம் எதுக்கு? நீளம், அகலம் எல்லாம் சரியாத்தானே இருக்கு? அன்னிக்கு நின்னதுல என் முட்டி இன்னும் வீக்கம் வடியல." போன் வைக்கப்பட்டது.

ஃப்ரீசர் வந்து இறங்கியது. முதலில் உள்ளே போனது வெள்ளையம்மாளின் ரத்தம். வெள்ளையம்மாளே வந்து, அதன் கனத்த கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் பத்மஜாதான் முதலில் பேசினாள்.

"அவமானப்படுத்தினா காரியம் நடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அவமானம் என்னடி? ஊர் ஜனமெல்லாம் நிக்கற வரிசைதானே."

"சொல்லிட்டாவது பண்ணியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீயே அவரைக் கையைப் பிடிச்சு முன்னாடி அழைச்சிண்டு போயிருப்பே."

"சரி, இப்பவாவது சொல்லுங்கோளேன்."

குமரகுரு சிரித்தார்.

"அதுக்கு முந்தின தடவை தீபாராதனை காட்டறச்சே அந்த மனுஷன் கண்ணை மூடிண்டு, வாய்விட்டே வேண்டிண்டார்டி: 'அண்ணாமலையானே, இந்த ஃபைல் மட்டும் முடியவே கூடாது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி சர்க்கார் செலவுல எனக்கு உன் தரிசனம் கிடைக்கணும்'னு!"