வெயில் படாத மேரி

கல்யாணப் பேச்சு எழுந்ததும், பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்த மகள் இருதயமேரியை ஆரோக்கியம் வீட்டுக்குள் நிறுத்திவிட்டாள். ஆறு மாதத்தில் மேரிக்குத் தீராத கால்வலி வந்தது.

செஞ்சி டாக்டர் சொன்னார்: "வெயிலே படல. வைட்டமின் டி குறைஞ்சு எலும்புல பலமில்ல. தினமும் வெளியே அனுப்பும்மா."

"கறுத்துட்டா எவன் கட்டுவான் டாக்டரே?"

அனந்தபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெளுத்துப்போன மேரி, காலைத் தாங்கித் தாங்கி நடந்துவந்து காபி கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் தாய், "இது தங்கச்சியா? பெரியவள கூப்புடுங்க," என்றாள்.

"எனக்கு ஒரே பொண்ணுதாங்க."

"அப்போ, போன வருசம் விழுப்புரத்துல முதல்ல ஓடி வந்துச்சே, ஒரு கறுத்த பொண்ணு? அதத்தான் கட்டுவேன்னு எம்மவன் ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"அது நான்தாங்க," என்றாள் மேரி.

மறுநாள் ஆரோக்கியமே மகளைக் கைபிடித்து வெயிலுக்கு அழைத்துப் போனாள்.