ஆள் ஏறின பிறகு

செயினைத் தப்பாக அளக்கிறாள்.

மோட்டார் சைக்கிள் நடு ஸ்டாண்டில் நிற்கிறது. பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்குகிறது. அப்படியே செயினைச் சுற்றி இழுத்து, மிச்சத்தை வெட்டப் போகிறாள்.

திருமூர்த்தி வாசலில் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே முற்றம். அதற்கு அப்பால் தகரக் கொட்டகை. அவனுடைய வண்டிப் பட்டறை. அங்கேதான் அவள் இருந்தாள்.

லாரிக்காரன் இடித்துவிட்டுப் போனதிலிருந்து அவன் அந்த முற்றத்தைத் தாண்டவில்லை. இடது கால் முழங்காலோடு நின்றுவிட்டது.

"வண்டிய வித்துப்போடு" என்று மட்டும் மனைவியிடம் சொன்னான்.

"செரிங் மாமா" என்றாள் நாகமணி.

அவள் இத்தனை சீக்கிரம் செரிங் என்றால் செய்ய மாட்டாள் என்று அர்த்தம். விற்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தை லேத்துப் பட்டறையில் கொடுத்து நீட்டினாள். ஒற்றைக் காலை ஊன்றினாலும் சாயாமல் இருக்கச் சீட்டைத் தாழ்த்தினாள். இடது காலால் போடும் கியரைக் கைக்குக் கொண்டுவந்தாள். ஊன்றுகோல்களை மாட்ட இரண்டு கொக்கி வைத்தாள். கடைசியில் கம்பெனிச் செயின் எட்டாத நீளத்துக்கு வண்டி வளர்ந்துவிட்டது. அதற்கும் கோயம்புத்தூர் போய்ச் சுருளாகச் செயின் வாங்கி வந்தாள்.

இவளை யார் கேட்டார்கள்?

வெட்டட்டும் என்று நினைத்தான்.

தொங்கும் சக்கரத்துக்கு அளந்த செயின், ஆள் ஏறியதும் விறைத்துக்கொள்ளும். முதல் பெரிய பள்ளத்தில் அறுந்துவிடும். அறுந்தால் வண்டி மூலையில் கிடக்கும். ஏறு, ஓட்டு என்று யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

நினைக்கவே நிம்மதியாக இருந்தது. பயந்தவனின் நிம்மதிதான், அது அவனுக்கும் தெரியும்.

அவள் செயின் வெட்டும் கட்டரை எடுத்தாள். அதன் திருகுமுள்ளைச் செயினின் மேல் பொருத்தினாள்.

பட்டறை நடந்த காலத்தில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இப்படி நீட்டிய வண்டிக்கு, ஓட்டுகிறவர் ஏறி உட்காராமல் செயினை வெட்ட மாட்டான். பால்காரர் என்றால் கேனோடு ஏற வேண்டும். ஜவுளி வியாபாரி என்றால் மூட்டையோடு. தனியாக வந்த புதுமாப்பிள்ளை ஒருவனை, போய்ப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினான். உடுமலைப்பேட்டையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்றைக்கெல்லாம் செயினின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நாகமணி.

அவளுக்கா மறந்துபோகும்?

முள்ளைப் பொருத்தியவள் இன்னும் திருகவில்லை.

வெட்டினால் முதலில் யார் ஓட்டிப் பார்ப்பது?

அவள்தான். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்.

நிம்மதி போன இடம் தெரியவில்லை.

"அம்மிணி, வெட்டாத. ஆளு ஏறோணும்."

அவள் திரும்பவில்லை. "ஆளுக்கு நான் எங்க போறதுங் மாமா?"

ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன.

முற்றத்தைக் கடக்க வெகுநேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். அவள் வந்து பிடிக்கவில்லை. கட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பிடித்தாள்.

ஊன்றுகோல்களைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஏறினான். விழப்போகிறோம் என்றே நினைத்தான். வலது பாதம் தரையில் முழுதாகப் படிந்தது. வண்டி அவன் எடைக்குக் கொஞ்சம் இறங்கி நின்றது.

சாயவில்லை.

நாகமணி குந்தி உட்கார்ந்து செயினைச் சுற்றிக் கொண்டுவந்தாள். விரலால் மேலும் கீழும் ஆட்டித் தொய்வு பார்த்தாள். முனை வந்து சேர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்தாள்.

அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது. பாதி துடைத்த கோடு.

சற்று முன் அவள் முள்ளை வைத்த இடம் அதற்கு இரண்டு கண்ணி முன்னால்.

அவன் கோட்டையே பார்த்தான். பிறகு சீட்டைத் தடவினான். தையலில் அரிசிமணிகள் சிக்கியிருந்தன.

"எத்தன அரிசிச் சிப்பம் வச்சுப் பாத்த?"

"ரெண்டுங். மேல ஒரு பை உளுந்து."

"அவ்வளவுதானா நானு?"

"தெனமும் தூக்கி உக்கார வைக்கறவளுக்குத் தெரியாதுங்களா?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வெறும் அரிசிமூட்டையை உட்கார வைத்து இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் கண்ணில் படும்படி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியிருக்கிறாள்.

அவள் முள்ளைக் கோட்டின் மேல் பொருத்தினாள். இந்தத் தடவை திருக ஆரம்பித்தாள்.

"வெட்டாத" என்றான் மறுபடியும். "கணக்குல ஒரு ஆளு கொறையுது."

அவள் இப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். பின்னால் இடம் கிடைத்தது.

"அப்புறம் செயினை யாரு பாக்கறதுங்?"

அவன் பின்னால் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினான். அவள் கட்டரைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து ஏறினாள்.

வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

செயினின் முனை தரையில் கிடந்தது. எடுத்து அளக்க அங்கே ஆள் இல்லை.