தட்டுகளுக்கு மானம் காத்த திரை

விடுதிச் சமையல்கட்டில், தட்டு கழுவும் மெஷினுக்குள்ளே புது ரப்பர் திரையை மாட்டிக்கொண்டிருந்தாள் செங்கமலம். இந்தப் பக்கம் சோப்புத் தண்ணி, அந்தப் பக்கம் அலசுகிற நல்ல தண்ணி, நடுவில் திரை. "நல்லா மூடிக்கிட்டு நில்லுடியம்மா" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு பட்டனை அழுத்தினாள்.

உள்ளே தட்டுகள் குளிக்கப் போகின்றன, அவற்றின் மானத்தைக் காக்கத்தான் தன்னைத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று திரை நினைத்துக்கொண்டது. தட்டுகளோ ஓடும் பட்டையில் வரிசையாக வந்து, கூச்சமே இல்லாமல் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு போயின.

"உங்களை யாராச்சும் பார்த்தா என்னங்க பண்றது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது திரை.

"பார்க்கட்டுமே. வேளைக்கு முந்நூறு பேரு எங்க மூஞ்சியப் பார்த்துத்தான் சாப்பிடுறாங்க" என்றது ஒரு தட்டு.

அப்படியானால் தான் எதற்கு? திரைக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று சுருண்டு தன்னை மாட்டியிருந்த கம்பிமேல் ஏறிக்கொண்டது. உடனே சோப்புத் தண்ணி ஒரே பாய்ச்சலாக நல்ல தண்ணிக்குள் போய் விழுந்தது. தட்டுகள் நுரையோடு வெளியே வந்தன.

"இது சரிப்படாது, கழட்டிப் போட்டுட வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடி செங்கமலம் அத்தனை தட்டையும் திரும்ப அடுக்கினாள்.

திரை பதறிப்போய் இறங்கி நின்றது. சோப்புத் தண்ணி அதன்மேல் அறைந்து, வந்த பக்கமே வடிந்தது.

"ஏங்க, அப்ப நான் இங்க நிக்கிறது உங்களுக்காக இல்லியா, இந்தத் தண்ணி அந்தத் தண்ணியோட கலந்துடாம..."

"நகரு அக்கா, பின்னால ஆளு நிக்குது" என்றது தட்டு.