வாசலில் முழுக்கு

மயில்வாகன முதலியார் தம் வீட்டு வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது அங்கே இருந்தவர்கள்: அவர் மனைவி மங்கையர்க்கரசி, மகள் கலாவதி, பங்காளி வீரபாகு, மீனம்பாக்கத்திலிருந்து அவரை டாக்சியில் கொண்டுவந்த துரைக்கண்ணு. வேறு யாரும் இல்லை. இல்லாதவர்கள் எல்லாம் கண்ணால் கண்டதுபோல் பேசித் திரிவதால், நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலியாரின் ஒரே மகன் கைலாசம் லண்டனில் வேலையாக இருக்கிறான். அங்கே ஒரு வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று வீரபாகு பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். நேரில் பார்த்து ஒரு முடிவு கட்டத்தான் மார்கழிக் குளிரில் ஒரு வாரப் பயணமாக முதலியார் விமானம் ஏறினார்.

திரும்பி வந்தவர் டாக்சியை விட்டு இறங்கினார். நெற்றியில் திருநீறு இல்லை. அப்படி ஒரு நெற்றியை மங்கையர்க்கரசி கலியாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

"இன்னாங்க இது, வெறும் நெத்தியா வந்து நிக்கிறீங்க?" என்று ஓடிவந்தாள்.

"கிட்ட வராதே. என்னைத் தொடாதே."

"புள்ளை எப்பிடி இருக்கான்?"

"அந்த ஊரு பேச்சையே எடுக்காதே. சீ, நெனைச்சாலே கொமட்டுது. கலாவதி, தண்ணிய வாசலுக்கே கொண்டாம்மா. இப்பிடியே நான் உள்ள வரமாட்டேன்."

கலாவதி தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தெருவில் வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே போகிறவர் சாவு வீட்டிலிருந்து வந்தவராக இருப்பார். இல்லாவிட்டால், பெற்றதைச் செத்ததாக நினைத்துத் தலைமுழுகுகிறவராக இருப்பார்.

"வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலைமா," என்று துரைக்கண்ணு தாழ்ந்த குரலில் சொன்னான். "மூஞ்சிய ஜன்னல் பக்கமே வச்சிக்கினு வந்தாரு."

முதலியார் குடத்தை வாங்கிக் கவிழ்த்தார். விடியற்காலையில் போட்ட கோலம் பூசணிப் பூவோடு சாக்கடைக்குப் போயிற்று. உடம்பிலிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி இரண்டு விரலால் பிடித்து மூலையில் எறிந்தார்.

"அத்தக் கொண்டுபோய் எரிச்சிடு."

"புள்ளை வாங்கிக் குடுத்ததுங்களா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"யார் வாங்கிக் குடுத்தா இன்னா? எரின்னா எரி."

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த வீரபாகு முன்னால் வந்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது; கண்ணில் இல்லை.

"நான் அன்னிக்கே சொன்னேனே, அண்ணே. யாரு கேட்டீங்க? போவட்டும், மானம் பெரிசுன்னு தலைமுழுகிட்டீங்க. பங்குனி உற்சவத்துல உங்களுக்கு அப்புறம் பரிவட்டம் கட்டிக்க என் பெரியவன் இருக்கான். கோயில்ல நானே சொல்லிடறேன்."

முதலியார் அடுத்த குடத்தை ஊற்றிக்கொண்டார். முதுகைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

மங்கையர்க்கரசி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இருக்கறது ஒண்ணு. அவன் இன்னா தப்புப் பண்ணியிருந்தாலும் வரட்டும், இந்த வாசல்ல வச்சே நாலு அறை அறைங்க. இல்லேன்னு மட்டும் ஆக்கிடாதீங்க."

"அழுதா ஆச்சா, அண்ணி?" என்று வீரபாகு ஒரு குடத்தைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தான். "பெத்தவளும் ஊத்திக்கினாத்தான் முறை. அப்பத்தான் ஊரு ஒத்துக்கும்."

"ஊத்திக்கமாட்டேன். அவரு வேணா முழுகட்டும். என் புள்ளை உயிரோடதான் இருக்கான்."

வீரபாகு குடத்தைச் சாய்த்தே விட்டான். அவள் தோளில் தண்ணீர் பட்டது.

"வைடா கீழே," என்றார் முதலியார்.

குடம் கீழே இறங்கியது. எதிர் வீடுகளில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. இந்தத் தெருவில் அவர் எவனிடமும் தலைகுனிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். அருவருப்பில் அவர் உதடு கோணிற்று.

"வெள்ளைக்காரியும் இல்ல, ஒருத்தியும் இல்ல. கைலாசம் ஒண்டியாப் பொங்கித் தின்னுக்கினு ஒழுக்கமாத்தான் இருக்கான்."

"அப்ப இந்த முழுக்கு எதுக்கு, அண்ணே?"

முதலியார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"அந்தக் குளிருக்குப் பயந்து, அங்க போய் எறங்கினதுலேருந்து நான் குளிக்கலைடா."